நண்பனுக்கு உண்மை, நஷ்டம் யாருக்கு?

(வாசகர்களின் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற ஆயர் ஒருவர் பதில் அளிக்கும் பகுதி. இந்த மாதம் வந்த கடிதங்களுள் பல, நட்பிலும் குடும்பத்திலும் வேலையிலும் உண்மையாய் நிலைத்திருப்பதைப் பற்றியவை. எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.)

கேள்வி: என் கணவரும் எங்கள் சபையின் பொருளாளரும் பள்ளிக்கூட நாளிலிருந்தே நண்பர்கள். ஆலயக் கட்டுமான நிதிக் கணக்கை எழுத என் கணவர் அவருக்கு உதவுவது வழக்கம். சிமெண்ட் வாங்கிய ஒரே பில், ஆகஸ்டு மாதச் செலவிலும் அக்டோபர் மாதச் செலவிலும் ஏறியிருப்பதை அப்படித்தான் அவர் பார்த்தார். கேட்டதற்கு, மகள் கல்யாணத்துக்கு அவசரமாகத் தேவைப்பட்டது என்றும், திருப்பி வைத்துவிடுவதாகவும் நண்பர் சொன்னாராம். இன்றுவரை வைக்கவில்லை. நான் ஆயரிடம் சொல்லலாம் என்றால், "யோனத்தான் தாவீதைக் காட்டிக்கொடுத்தானா?" என்று என் கணவர் என்னையே மடக்குகிறார்.
வாசகி, நாசரேத்

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் கணவர் யோனத்தானைத் துணைக்கு அழைத்திருப்பதால் அவனிடமிருந்தே தொடங்குவோம். யோனத்தான் தாவீதைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது சரிதான். ஆனால் தாவீது அப்போது எந்தக் குற்றமும் செய்திருக்கவில்லை. குற்றம் தாவீதைக் கொல்லத் தேடிய சவுல் அரசனின், அதாவது யோனத்தானின் தகப்பனுடைய பக்கம் இருந்தது. அந்தத் தகப்பனிடம், அதுவும் பந்தியில் எல்லாரும் பார்க்க, "அவன் ஏன் கொல்லப்படவேண்டும்? அவன் என்ன செய்தான்?" என்று யோனத்தான் கேட்டான், பதிலாக ஈட்டிதான் அவனை நோக்கி வந்தது. ஈசாயின் மகனாகிய தாவீது உயிரோடிருக்கும்வரை உன் ராஜ்யம் நிலைக்காது என்று சவுல் சொன்னதும் அந்தப் பந்தியில்தான். சிம்மாசனம் கைவிட்டுப் போகும் என்று தெரிந்தே அவன் நண்பனுக்காக நின்றான். தவறு செய்த தகப்பனிடம் உண்மையைச் சொன்னான். ஆனாலும் தகப்பனை விட்டு ஓடிவிடாமல், கடைசியில் கில்போவா மலையில் அவரோடு போர்க்களத்தில் மடிந்தான். அந்த நட்பினால் வந்த நஷ்டம் முழுவதையும் யோனத்தானே சுமந்தான் என்பதைத்தான் உங்கள் கணவர் கவனிக்க வேண்டும்.

உங்கள் கணவருடைய நிலைமைக்கு யோனத்தானைவிடப் பொருத்தமான ஆள் வேதத்தில் இருக்கிறான்; அவன் பெயர் யோவாப், பிற்பாடு அரசனான தாவீதின் படைத்தலைவன். தாவீது தன் போர்வீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்ட பிறகு நடந்தது இது. உரியாவைப் போர் மும்முரமாக நடக்கும் இடத்தில் நிறுத்திவிட்டுப் பின்வாங்குங்கள் என்று தாவீது எழுதிய கடிதத்தை உரியாவே கொண்டுவந்து கொடுக்க, அதைப் படித்த யோவாப் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இத்தனைக்கும் அவன் அரசனை எதிர்த்துப் பேசத் தெரியாதவன் அல்லன். பின்னாளில் ஜனத்தொகை எடுக்கும்படி தாவீது கட்டளையிட்டபோது, இது வேண்டாம் என்று தடுத்துப் பார்த்தவன் அவன்தான். உரியாவின் காரியத்தில் மட்டும் வாய் திறக்கவில்லை. அரசனுக்கு அவன் காட்டிய விசுவாசத்திற்கு உரியா உயிரைக் கொடுத்தான். நாத்தான் தீர்க்கதரிசியோ அதே அரசனிடம் போய், ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பிடித்துச் சமைத்த ஐசுவரியவானின் கதையைச் சொல்லி, "நீயே அந்த மனுஷன்" என்றான். அப்படிச் சொன்ன நாத்தான் தாவீதுக்குப் பகைவனாகவில்லை. அரசன் முதுமையில் படுத்த படுக்கையானபோது, மகன் சாலொமோனுக்கு அரியணையைத் தருவதாகக் கொடுத்த வாக்குக் காப்பாற்றப்பட வேண்டும் என்று ஓடியாடியவர்களில் அவனும் ஒருவன். நண்பனாயிருப்பவன் யோவாபா, நாத்தானா என்பதை உங்கள் கணவர் தாமே தீர்மானிக்கட்டும்.

இப்போது அந்த நிதியை எண்ணிப் பாருங்கள். அதில் பெரிய வீட்டுக்காரர்களின் காசோலை மட்டுமா இருக்கிறது? நம் ஊர்ப் பக்கத்துச் சபைகளில், உலையில் போடும் அரிசியிலிருந்து தினம் ஒரு பிடி எடுத்து ஒதுக்கி வைத்து, அதைப் பிடியரிசிக் காணிக்கையாகக் கொண்டுவரும் தாய்மார்களும், பீடி சுற்றிய கூலியில் பிரித்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் கணவர் காக்கும் மௌனத்துக்கு அவர்களே விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், அது அவர்களுக்குத் தெரியாமலே.

என்ன செய்வது என்பதற்கு மத்தேயு 18ஆம் அதிகாரம் வரிசை சொல்லியிருக்கிறது: முதலில் தனியே, பிறகு இரண்டொருவரை உடன் வைத்துக்கொண்டு, அதற்கும் அசையாவிட்டால் சபைக்கு. ஆகையால் உங்கள் கணவர் முதலில் நண்பரிடம் தனியே போய், ஆண்டுக் கணக்கு தணிக்கைக்குப் போகும் முன் இன்ன தேதிக்குள் பணம் நிதியில் சேரவேண்டும், அந்தப் பதிவைப் பொருளாளரே திருத்தி ஆயரிடம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் தாம் சொல்ல நேரிடும் என்று வெளிப்படையாகச் சொல்லட்டும். மகள் கல்யாணக் கடனில் நண்பர் உண்மையாகவே திணறுகிறார் என்றால், உங்கள் குடும்பம் தன் கையிலிருந்து கொஞ்சம் கொடுத்து உதவுவது நட்பு. ஊர்க் காசிலிருந்து உதவ நமக்கு அதிகாரம் இல்லை. ஒரு வார்த்தை கூடுதலாக: இதைச் சபையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு உடைக்கும் ஆசை யாருக்காவது வந்தால் தடுத்துவிடுங்கள்.

கேள்வி: சிவகாசியில் ஓர் அச்சகத்தில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். தொழில் கற்றுக்கொடுத்தவர் முதலாளிதான். என் அப்பாவின் ஆபரேஷனுக்கும் பணம் கொடுத்தார். இப்போது வேறோர் இடத்தில் நல்ல சம்பளத்துக்கு அழைக்கிறார்கள். விஷயம் காதில் விழுந்ததிலிருந்து, "செய்நன்றி கொன்றவன்" என்று எல்லார் முன்னிலும் பேசுகிறார். போவது துரோகமா?
வாசகர், சிவகாசி

பதில்: தம்பி, போவது துரோகம் அன்று, போகிற விதத்தில் துரோகம் நுழைய இடமுண்டு. உபாகமம் 15ஆம் அதிகாரத்தில், விலைப்பட்ட எபிரெய அடிமையைக்கூட ஏழாம் வருஷத்தில் விடுதலையாக அனுப்பவேண்டும், அனுப்பும்போது வெறுங்கையாய் அனுப்பக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. அவனாக விரும்பித் தங்கினால் தங்கலாம். பிடித்து வைக்க எஜமானுக்கு உரிமையில்லை. அடிமைக்கே அந்த ஏற்பாடு என்றால், மாதச் சம்பளக்காரரான உங்களுக்குச் சொல்லவே வேண்டியதில்லை. நன்றி என்பது வீட்டுப் பத்திரத்தைப் போல ஒருவர் பெட்டியில் பூட்டி வைத்து, வேண்டும்போதெல்லாம் எடுத்து நீட்டுகிற உரிமை ஆகாது.

யாக்கோபு தன் மாமன் லாபானிடம் இருபது வருஷம் உழைத்தான். பகலில் வெயிலும் இரவில் குளிரும் தன்னைப் பட்சித்தது என்றும், சம்பளத்தைப் பத்து முறை மாற்றினீர் என்றும் அவன் முறையிட்டதில் நியாயம் உண்டு. ஆனால் அவன் சொல்லாமல் கிளம்பிப் போனான், லாபான் ஏழு நாள் துரத்திக்கொண்டு வந்தான், நல்லபடியாய் விடைபெற்றிருக்க வேண்டிய உறவு மலையில் கற்குவியல் எழுப்பி, இதைத் தாண்டி நீயும் வராதே நானும் வரமாட்டேன் என்று எல்லை போடுவதில் முடிந்தது. நீங்கள் அப்படிப் போகாதீர்கள். ஆபரேஷனுக்குத் தந்த பணம் கடனா, உதவியா என்று முதலாளியிடமே கேளுங்கள். கடன் என்றால் மாதத் தவணை எழுதிக் கொடுங்கள். உங்கள் இடத்துக்கு ஒரு பையனைப் பழக்கிவிட்டுப் போங்கள். காலண்டர் ஆர்டர் குவியும் நேரத்தில் நடுவில் விட்டுப் போகாதீர்கள். வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்களைப் புதிய இடத்துக்குச் சுமந்து போகாதீர்கள். புதிய முதலாளி அதைத்தான் எதிர்பார்த்து அதிகச் சம்பளம் தருகிறார் என்றால், அந்த வேலையே வேண்டாம்.

கேள்வி: என் மகன் ஊழியங்களுக்குத் தசமபாகத்துக்கு மேலேயே அள்ளிக் கொடுக்கிறான். எனக்குக் கண்புரை ஆபரேஷன் என்றேன். "தகப்பனையாவது தாயையாவது என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன் எனக்குப் பாத்திரன் அல்ல" என்ற வசனத்தைக் காட்டுகிறான். வசனத்தை எதிர்த்து நான் என்ன பேசுவது?
வாசகர், திண்டுக்கல்

பதில்: ஐயா, நீங்கள் எதிர்த்துப் பேசவேண்டாம், மாற்கு 7ஆம் அதிகாரத்தை எடுத்து அவரிடமே வாசிக்கக் கொடுங்கள். பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் "கொர்பான்", அதாவது தேவனுக்கென்று நேர்ந்த காணிக்கை என்று சொல்லிவிட்டால் பிறகு அவர்களைப் பராமரிக்கத் தேவையில்லை என்று அந்நாளில் ஒரு வழக்கம் இருந்தது. அதைப் பக்தி என்று இயேசு மெச்சவில்லை. உங்கள் பாரம்பரியத்தால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்று கண்டித்தார். உங்கள் மகன் காட்டும் வசனத்தைச் சொன்னவரும் அவர்தான், சிலுவையில் தொங்கிய வேளையில் தம் தாயை ஒரு சீஷனுடைய பொறுப்பில் ஒப்படைத்தவரும் அவர்தான். கிறிஸ்துவுக்காகப் பெற்றோரின் கோபத்தைச் சம்பாதிக்க நேரிடலாம். அதைத் தாங்கிக்கொள் என்பது அந்த வசனம். பெற்றோரின் கண் மங்கட்டும் என்று அது எங்கும் சொல்லவில்லை. தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியிருப்பதை நான் சற்று மென்மையாகச் சொல்ல நினைத்தேன், அதற்கு வழியில்லை. அவரிடமிருந்து காணிக்கை வாங்கும் ஊழியர்களும் ஒருநாள் அவரிடம், "வீட்டில் அப்பா எப்படி இருக்கிறார்?" என்று கேட்டிருக்கலாம்.

கேள்வி: திருமணமாகி ஆறு ஆண்டுகள். கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். "நன்மையிலும் தீமையிலும்" என்று பீடத்துக்கு முன் நின்று சொன்னாயே, வாக்கு மாறலாமா என்று என் அம்மாவும் சபைப் பெண்களும் சொல்கிறார்கள். குழந்தையோடு வெளியேறினால் நான் உண்மையற்றவள் ஆகிவிடுவேனா?
வாசகி, ஊர் வேண்டாம்

பதில்: மகளே, ஆகமாட்டாய். முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போ. மற்றவற்றை அங்கே இருந்து யோசிக்கலாம்.

உன்னிடம் யாராவது மல்கியா 2ஆம் அதிகாரத்தின் "தள்ளிவிடுதலை (மணவிலக்கை) நான் வெறுக்கிறேன்" என்ற வசனத்தைச் சொல்லியிருப்பார்கள். அந்த வசனம் அங்கே முடிவதில்லை. கொடுமையினால் தன் வஸ்திரத்தை மூடுகிறவனைப் பற்றியும் அதே வசனம் பேசுகிறது. இரண்டு வசனம் முன்னால் பார்த்தால், கர்த்தர் குற்றம் சாட்டுவது மனைவியை அன்று: இளவயதின் மனைவிக்கு, தோழியும் உடன்படிக்கையின் மனைவியுமானவளுக்குத் துரோகம் செய்த கணவனைத்தான். உடன்படிக்கையை முறித்தவர் யார் என்பதில் வேதத்துக்குக் குழப்பம் இல்லை. குழப்பம் நம் சபைகளில் இருக்கிறது. பீடத்துக்கு முன் நின்று வாக்குக் கொடுத்தவர்கள் இருவர். "நேசித்துப் பராமரிப்பேன்" என்று அவரும் சொன்னார். அவர் மீறிய வாக்கை நீ உன் உடம்பால் ஈடுகட்டிக்கொண்டே இருக்கவேண்டும் என்று ஒரு சபை எதிர்பார்த்தால், அது திருமணத்தைக் காப்பாற்றவில்லை, ஊரார் முன்னால் தன் முகத்தைக் காப்பாற்றுகிறது.

அபிகாயிலை நினைத்துக்கொள். முரடனான கணவன் நாபாலின் பிடிவாதத்தால் கோபமடைந்த தாவீதின் கையால் வீட்டில் இரத்தம் சிந்த இருந்தபோது, அவனிடம் சொல்லாமலேயே கழுதைகள்மேல் அப்பமும் திராட்சரசமும் ஏற்றிக்கொண்டு தாவீதைச் சந்திக்கப் புறப்பட்டாள். கணவனுடைய சொல்லுக்கு எதிராகப் போனாள் என்று வேதம் அவளைத் தூற்றவில்லை. மகா புத்திசாலி என்று எழுதியிருக்கிறது.

நடைமுறையில், 181 என்ற பெண்கள் உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லா மதத்துப் பெண்களுக்கும் பொருந்தும். அதன்படி மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் முறையிடலாம், நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம், வீடு அவர் பெயரில் இருந்தாலும் அங்கே வசிக்கும் உரிமையைக் கோரலாம். அடி விழுந்தால் அரசு மருத்துவமனையில் காட்டிச் சீட்டு வாங்கி வைத்துக்கொள். அவர் குடியை விட்டுத் திருந்த வேண்டும் என்று நீ ஜெபிப்பதை யாரும் தடுக்கப் போவதில்லை. தூரத்தில் இருந்தும் ஜெபிக்கலாம். உன் அம்மாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு.

கேள்வி: நான் இந்து. என்னுடைய மிக நெருங்கிய நண்பர் கிறிஸ்தவர், வாக்கு மாறாதவர். ஆனால் அவருடைய சபையில், அவிசுவாசிகளோடு பிணைக்கப்படக் கூடாது என்று பிரசங்கம் செய்கிறார்களாம். அவர் சங்கடப்படுவது தெரிகிறது. உங்கள் மார்க்கத்தில் உண்மை என்பது உங்களவர்களுக்கு மட்டும்தானா?
வாசகர், தஞ்சாவூர்

பதில்: அன்பு நண்பருக்கு, உங்கள் ஊரிலிருந்தே விடை சொல்லலாம். சிவகங்கைக் குளத்தை ஒட்டி இருக்கும் சுவார்ட்ஸ் ஆலயத்துக்கு நீங்கள் போயிருப்பீர்கள். போகாவிட்டால் ஒருநாள் உங்கள் நண்பரோடு போய்வாருங்கள். சுவரில் வெள்ளைப் பளிங்கில் ஒரு புடைப்புச் சிற்பம் இருக்கிறது: மரணப்படுக்கையில் ஒரு பாதிரியார், அருகில் நின்று அவர் கையைப் பிடித்திருப்பவர் தலைப்பாகை அணிந்த ஓர் அரசர். படுத்திருப்பவர் 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1798இல் தஞ்சையில் மறைந்த சுவார்ட்ஸ் ஐயர். நிற்பவர் இரண்டாம் சரபோஜி. லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு அதைச் செய்வித்தவரும் சரபோஜியே.

1787இல் தஞ்சையை ஆண்ட துளஜா மன்னர் சாகும் தறுவாயில், தாம் தத்தெடுத்த சிறுவன் சரபோஜியைச் சுவார்ட்ஸின் பொறுப்பில் ஒப்படைத்தார். பிறகு தத்து செல்லாது என்று சொல்லி துளஜாவின் சகோதரர் அமர்சிங்கை அரியணையில் ஏற்றினார்கள். சிறுவன் அரண்மனையில் அடைபட்டுக் கல்வியும் இல்லாமல் கிடந்தான். சுவார்ட்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்கு ஓயாமல் எழுதி, அவனைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைத்து, அவனுடைய உரிமைக்காக வாதாடினார். சரபோஜி அரியணை ஏறியது 1798இல், சுவார்ட்ஸ் மறைந்து சில மாதங்கள் கழித்து. தம் மாணவன் கிறிஸ்துவை ஏற்கவேண்டும் என்ற ஆசை அந்த மிஷனரிக்கு இல்லாமல் இருந்திருக்காது; சரபோஜி கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்தார். அதனால் சுவார்ட்ஸ் காட்டிய அக்கறை ஒரு நாளும் குறையவில்லை. சரபோஜியின் நன்றியும் குறையவில்லை.

ஐதர் அலியின் படைகள் நாட்டைச் சூறையாடிய காலத்தில், தஞ்சைக் கோட்டையில் பஞ்சம் வந்தது. வெளியே நெல் இருந்தும் உள்ளே கொண்டுவர மாடு தர யாரும் முன்வரவில்லை, ஏனென்றால் அரசாங்கம் கூலி கொடுக்கும் என்ற நம்பிக்கை ஒருவருக்கும் இல்லை. என் கையாலேயே உங்களுக்குக் கூலி தருவேன் என்று சுவார்ட்ஸ் எழுதி அனுப்பியதும், இரண்டொரு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்தன. 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் சேர்ந்தது. அதற்கு முன், 1779இல், கம்பெனியின் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணம் போனார். ஒரு மிஷனரி அப்படிப் போனது எனக்கு அவ்வளவாக உவக்கவில்லை என்றாலும், அந்தக் கிறிஸ்தவரை அனுப்புங்கள், அவர் என்னை ஏமாற்றமாட்டார் என்று கேட்டவர் ஐதர் அலியே என்பதைக் குறிப்பிட வேண்டும். வழிச்செலவுக்கென்று ஐதர் தந்த 300 ரூபாயைச் சுவார்ட்ஸ் அப்படியே கம்பெனியிடம் ஒப்படைக்க, அவர்கள் வாங்க மறுத்ததால், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு வைத்தார்.

உங்கள் நண்பரைச் சங்கடப்படுத்தும் வசனத்துக்கு வருகிறேன். அந்நிய நுகத்தில் பிணைக்கப்படாதிருங்கள் என்று கொரிந்தியருக்கு எழுதிய பவுலே, அதே சபைக்கு எழுதிய முந்திய நிருபத்தில், இவ்வுலகத்தாரோடு கலக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை, அப்படியானால் நீங்கள் உலகத்தை விட்டே நீங்கிப்போக வேண்டியதாயிருக்குமே என்று விளக்கம் கொடுத்திருக்கிறார். "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம்" என்று மாமியாரைப் பற்றிக்கொண்ட ரூத்தும் இஸ்ரவேலைச் சேர்ந்தவள் அல்லள், மோவாபியப் பெண். பிரசங்கம் செய்தவர் இதையும் சேர்த்துப் பேசியிருந்தால் உங்கள் நண்பருக்குச் சங்கடம் வந்திராது.

கேள்வி: கல்லூரி நண்பர்களோடு ஒரு திருமண விருந்துக்குப் போனேன். பந்தியில் சாம்பார் வாளியோடு வந்து நின்றவன் என் ஊர்க்காரன், பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். "எப்படா வந்தே?" என்று கேட்டான். "தெரிஞ்சவனா?" என்று பக்கத்தில் இருந்தவன் கேட்டதற்கு, இல்லை என்று சொல்லிவிட்டேன். அவன் பேசாமல் அடுத்த இலைக்குப் போய்விட்டான். இதை எப்படிச் சரிசெய்வது?
வாசகர், திருச்சி

பதில்: தம்பி, பிரதான ஆசாரியனின் முற்றத்தில் கரிநெருப்பருகே குளிர்காய்ந்துகொண்டிருந்த பேதுரு, இயேசுவைத் தெரியுமா என்று கேட்டவர்களிடம் சொன்னதும் இதே பதில்தான். உயிர்த்தெழுந்த இயேசு அவனை மறுபடியும் ஒரு கரிநெருப்பின் அருகே சந்தித்து, முதலில் சாப்பிடச் சொல்லி, மற்றச் சீஷர்கள் இருக்கும்போதே மூன்று முறை "என்னை நேசிக்கிறாயா?" என்று கேட்டார். மறுதலிப்பு நாலுபேர் முன்னிலையில் நடந்திருந்தால், அதைச் சரிசெய்வதும் நாலுபேர் அறிய நடக்கவேண்டும். ஆகையால் கைபேசியில் மன்னிப்புச் செய்தி அனுப்பி முடித்துக்கொள்ளாதீர்கள். முதலில் அன்று பக்கத்தில் இருந்தவனிடம், அவன் என் நண்பன், நான் பொய் சொன்னேன் என்று சொல்லுங்கள். முடிந்தால் அவனையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போங்கள். சமாதானத்துக்கென்று பணமோ பரிசோ எடுத்துப் போகவேண்டாம். அது அந்த நாளைவிட அதிகமாக அவனைப் புண்படுத்தும். அவன் உடனே பழையபடி பேசாவிட்டால் அவசரப்படுத்தாதீர்கள். பாதி வழியில் விட்டுப்போன மாற்குவைத் தன்னோடு சேர்க்க முடியாது என்று பவுல் பர்னபாவோடு சண்டையிட்டுப் பிரிந்தார். மாற்கு தமக்குப் பிரயோஜனமுள்ளவன், அவனைக் கூட்டிக்கொண்டு வா என்று எழுத அவருக்கே பல ஆண்டுகள் ஆயின.